முன்னாள் படைவீரர் ஊர்வலம் குறித்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சபைத் தலைவர் அவர்களுக்கும் ஊர்வல ஏற்பாட்டுக் குழுவினருக்கும்,

வணக்கம்.

எமது சிறுநகரில் வாழும் முன்னாள் படைவீரர்களைக் கௌரவித்து ஊர்வலம் நடத்த நீங்கள் எண்ணியிருப்பதை அறிந்து மகிழ்ந்தேன். தியத்தலாவைப் படைமுகாம் அருகில் இருப்பதாலோ என்னவோ, ஓய்வுபெற்றபின் இங்கேயே வீடு கட்டிக் குடியமர்ந்தவர்கள் எம்மிடையே பலர். கடைவீதி அடகுக் கடையில் காவலராக நிற்கும் முதியவருக்கு முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். சம்பள நாளில் தோட்டத்துப் பெண்கள் நகை மீட்க வரிசையில் நிற்கையில், தமக்கான ஸ்டூலை வயதானவர்களுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, அவர் கதவு நிலையில் சாய்ந்து நிற்பார். அத்தகையவருக்கு ஊர் மரியாதை செய்வது நியாயமே.

எந்த நாளில் செய்வது என்பதில்தான் என் மனம் சஞ்சலப்படுகிறது. குழுவில் சிலர் மே 19ஐ விரும்புவதாக அறிகிறேன். 2009இல் போர் முடிந்ததைக் குறிக்கும் அந்நாளை ஒட்டியே வடக்கில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் விளக்கேற்றி அழுகிறார்கள். 1977 கலவரத்திற்குப் பின் மலையகத்தை விட்டு வன்னியில் போய்க் குடியேறிய குடும்பங்களின் உறவினர் இன்றும் நம் தோட்டத்து லயன் வீடுகளில் இருக்கிறார்கள். அங்கே மாண்டவர்களுக்காக இங்கேயும் ஒப்பாரி எழுந்தது. அந்நாளில் அணிவகுப்பு அவர்கள் வாசலைக் கடந்து சென்றால், நீங்கள் என்ன நோக்கத்தோடு நடத்தினாலும், அது வெற்றி விழாவாகவே அவர்கள் கண்ணில் படும். காலை இழந்தவரையும் மகனை இழந்தவளையும் ஒரே வீதியில் எதிரெதிரே நிறுத்தவேண்டாம் என்று உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

மே 19க்குப் பதிலாக நவம்பர் 11ஐத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் வேண்டுகோள். முதலாம் உலகப் போர் 1918இல் ஓய்ந்த அந்நாள், எந்த ஒரு சமூகத்தின் வெற்றியையும் குறிப்பதன்று. கண்டியிலுள்ள போர் மயானத்தில் பிரித்தானியரும் கிழக்கு ஆபிரிக்கரும் இந்தியரும் இலங்கையரும், பதவி, இனம், மதம் பாராமல், ஒரே மாதிரியான நினைவுக் கற்களின் கீழ் கிடக்கிறார்கள். அந்த ஒழுங்கையே நமது ஊர்வலமும் பின்பற்றட்டும். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், மலாயர் என்று பாராமல், அதிகாரியும் சிப்பாயும் கலந்து வரட்டும்.

நிதி திரட்டுவது பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் நவம்பர் 11ஐ ஒட்டி முன்னாள் படைவீரர் நிதிக்காக விற்ற பொப்பி மலர்ப் பணத்தில் பெரும்பகுதி கடல் கடந்து போனதால், 1931இல் இந்நாட்டு முன்னாள் படைவீரர்கள் தாமே சூரிய மலர், அதாவது நம் பூவரசம்பூ, விற்கத் தொடங்கினார்கள். 1933இல் இளைஞர்கள் கையிலெடுத்து அதைச் சூரிய மல் இயக்கமாக வளர்த்தார்கள். 1934இல் மலேரியா பரவியபோது கிராமங்களுக்குச் சென்று நோயாளிகளுக்கு உதவியவர்களும் அவர்களே. நாம் திரட்டும் பணமும் மேடைக்கும் மாலைக்கும் கரையாமல், செயற்கைக் கால் பழுதுபார்க்கவும், வீரர்களின் விதவைகள் கிளினிக் சென்றுவரவும் பயன்படவேண்டும்.

நவம்பரில் நம்மூரில் பிற்பகல் மழை நிச்சயம் என்பதால் காலையிலேயே தொடங்குங்கள். கடைவீதி ஏற்றத்தில் நடக்கமுடியாதவர்களுக்கு வாகனமும், மற்றவர்களுக்கு இடையிடையே நாற்காலியும் வேண்டும். அறிவிப்புகள் தமிழிலும் ஒலிக்கவேண்டும். பாடசாலை வாத்தியக் குழுவையும், தோட்டத்து இளைஞர்களின் தப்பு மேளக் குழுவையும் அழைத்துவரும் பொறுப்பை நான் ஏற்கிறேன். திகதி முடிவாகுமுன், உங்கள் அடுத்த கூட்டத்தில் இவற்றை நேரில் எடுத்துரைக்கச் சிறிது நேரம் ஒதுக்கித் தருமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தோட்டப் பாடசாலையொன்றின் ஓய்வுபெற்ற ஆசிரியை