‘முழுமையான ரீஃப்’ பெட்டியும் அதன் ஏழாம் பக்கமும்: ஒரு புகார்

அனுப்புநர்
உங்கள் 40 லிட்டர் ரீஃப் தொட்டிப் பெட்டியை வாங்கிய வாடிக்கையாளர்
(பெயரும் முகவரியும் இணைத்துள்ள ரசீதில் உள்ளன)

பெறுநர்
மேலாளர்
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கடல்நீர்த் தொட்டிப் பெட்டியில் தவறான கையேடும் அளவு காட்டாத கருவியும் வைத்து விற்றது தொடர்பாக

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் சேவை எண்ணில் இரண்டு முறை பேசிவிட்டேன். மூன்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். மூன்றுக்கும் ‘உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது’ என்ற ஒரே பதில்தான் வந்தது, அதுவும் அனுப்பிய அதே நிமிடத்தில். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரு சின்ன ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைக்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. கையில் இருந்த பணம் குறைவு. அதனால் ஏழெட்டு மாதம் ஒரு நோட்டில் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். இடது பக்கம் எதில் மிச்சம் பிடிக்கலாம், வலது பக்கம் எதில் கை வைக்கக் கூடாது. இடது பக்கம் நீளம். குமிழ் விட்டு அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மர் வேண்டாம்; இவ்வளவு சின்னத் தொட்டிக்கு வாரம் ஒருமுறை 15 சதவீதத் தண்ணீரை மாற்றினாலே அந்த வேலை முடிந்துவிடும். விலை கூடிய விளக்கு வேண்டாம். காளான் பவளம், ஸோவாந்தஸ் போன்ற மென்பவளங்கள் நடுத்தர வெளிச்சத்திலேயே வளரும். கண்ணாடித் தொட்டி யாராவது பயன்படுத்திக் கழித்ததாக இருந்தால்கூடப் பரவாயில்லை, ஒழுகாமல் இருந்தால் சரி. வலது பக்கம் நாலே நாலு வரி: உப்பின் அளவு பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பார்க்க டெஸ்ட் கிட், நம்பகமான ஹீட்டர், கரைந்த உப்புகளை வடிகட்டி நீக்கிய ஆர்ஓ-டிஐ தண்ணீர்.

அப்போதுதான் உங்கள் பெட்டி கண்ணில் பட்டது. ‘முழுமையான ரீஃப். வேறெதுவும் வாங்கத் தேவையில்லை. 24 மணி நேரத்தில் மீன் விடலாம்.’ தனித்தனியாக வாங்கினால் ஆகும் செலவைவிடக் குறைவாக இருந்தது. நோட்டை மூடி வைத்துவிட்டு வாங்கினேன். என் தவறு என்று சொல்ல வேண்டுமானால் அது ஒன்றுதான்.

பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் இடது பக்கத்தில் எழுதி அடித்த எல்லாமே உள்ளே இருந்தன. விரல் நீள ஸ்கிம்மர் ஒன்று. குமிழ் விடுகிறது, இரைகிறது, ஆறு வாரத்தில் அதன் கோப்பையில் ஒரு சொட்டு அழுக்குகூடச் சேரவில்லை. பதினாறு நிறம் மாறும் விளக்கும் அதற்கொரு ரிமோட்டும். பிளாஸ்டிக் பவளம் இரண்டு. வலது பக்கத்து நான்கில் ஹீட்டர் மட்டும் இருந்தது. (ஹீட்டர் நன்றாகவே வேலை செய்கிறது. 25 டிகிரியில் வைத்தேன், அங்கேயே நிற்கிறது. குறை சொல்லும்போது இதையும் சொல்லிவிட வேண்டும்.)

உப்புப் பொட்டலம் 1 கிலோ. உங்கள் தொட்டி 45-க்கு 30-க்கு 30 சென்டிமீட்டர், அதாவது 40 லிட்டர். மணலும் பாறையும் போட்ட பிறகு அதில் நின்ற தண்ணீர் 32 லிட்டர். நான் அளந்தே ஊற்றினேன். கடல்நீரின் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு. பொட்டல உப்பில் கொஞ்சம் ஈரமும் இருக்கும் என்பதால் லிட்டருக்கு 38 கிராம் வரை தேவைப்படுகிறது. 32 லிட்டருக்குக் கிட்டத்தட்ட 1 கிலோ 200 கிராம். ஆக, முழுமையான பெட்டியில் முதல் நாள் நிரப்பவே உப்புப் போதவில்லை. ஒரு வாளி உப்பு தனியாக வாங்கினேன்.

சரி, இதெல்லாம் பணக் கணக்கு. இதற்காக நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன்.

முதலில் அந்த 24 மணி நேரம். கையேடு சொன்னபடி பாக்டீரியா பாட்டிலை முழுவதும் ஊற்றினேன். அதில் தயாரித்த தேதியே இல்லை. மறுநாள் மீன் விடவில்லை. ஏனோ மனசு கேட்கவில்லை. வெளியில் ஒரு டெஸ்ட் கிட் வாங்கி மூன்றாம் நாள் பார்த்தேன். அம்மோனியா 2 பிபிஎம், பத்து லட்சத்துக்கு 2 பங்கு. நான் வைத்த லைவ் ராக்கில் (கடலுயிர்கள் ஒட்டியிருக்கும் பாறை) வழியில் செத்துப்போன சின்னஞ்சிறு உயிர்கள் அழுகியதால் வந்தது அது. எந்தப் புதுத் தொட்டியிலும் வரக்கூடியதுதான். கடல்நீரின் பிஎச் 8.2-ஐ ஒட்டி இருப்பதால் அதே அம்மோனியா நன்னீரில் இருப்பதைவிட இங்கே கூடுதல் நஞ்சாக இருக்கும். அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் பாக்டீரியா பெருகி, அப்புறம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா பெருகி, இரண்டும் பூஜ்யம் காட்ட எனக்கு 38 நாள் ஆனது. நாலு முதல் ஆறு வாரம் என்று எல்லாரும் சொல்வதும் அதுதான். அந்த 38 நாளும் வெறும் கல்லையும் மணலையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டில் எல்லாரும் கேலி செய்தார்கள். உங்கள் பெட்டியை நம்பி இரண்டாம் நாளே ஒரு ஜோடி கோமாளி மீனை விட்டிருந்தால் அவை என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? தெரியாமல் அச்சிட்டிருந்தால் ஒரு கவலை, தெரிந்தே அச்சிட்டிருந்தால் வேறு கவலை.

பிறகு நாலு டர்போ நத்தை, ஒரு கிளீனர் இறால், ஸோவாந்தஸ் ஒரு கொத்து, காளான் பவளம் இரண்டு வந்தன. மூன்று வாரம் நன்றாகப் போனது. ஸோவாந்தஸ் காலையில் விளக்கு எரிந்ததும் ஒவ்வொன்றாக விரியும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பேன்.

அப்புறம் நான் பத்து நாள் வெளியூர் போக வேண்டி வந்தது. தொட்டியைத் தம்பியிடம் ஒப்படைத்தேன். தினமும் தண்ணீர் கொஞ்சம் குறையும், நிரப்பிவிடு என்று சொன்னேன். எந்தத் தண்ணீர் என்று சொல்ல மறந்துவிட்டேன். அவன் பொறுப்பான பையன். உங்கள் கையேட்டைத் திறந்து பார்த்திருக்கிறான். ஏழாம் பக்கம், கொட்டை எழுத்தில்: ‘நீர்மட்டம் குறைந்தால் உப்புநீர் கலந்து கோடு வரை நிரப்பவும்.’

இதைவிட அடிப்படையான பிழை ஒரு கடல்நீர்த் தொட்டிக் கையேட்டில் இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே நிற்கிறது. உப்பளத்தில் உப்பு விளைவது எப்படி என்று தெரிந்த பள்ளிப் பிள்ளைகூட இதைச் சொல்லிவிடும். குறைந்த இடத்தை உப்பில்லாத நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும். உப்புநீரால் நிரப்பினால் ஒவ்வொரு நாளும் உப்பு ஏறிக்கொண்டே போகும். என் தொட்டியில் தினமும் அரை லிட்டர் ஆவியாகிறது. பத்து நாளில் 5 லிட்டர். அந்த 5 லிட்டரோடு உள்ளே போன உப்பு 175 கிராம். ஏற்கெனவே 32 லிட்டரில் இருந்தது 1120 கிராம். கூட்டி வகுத்தால் ஆயிரத்துக்கு 40-க்கு மேல்.

அவன் சும்மா ஊற்றவுமில்லை. நீங்கள் கொடுத்த ஊசி வைத்த பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் தினமும் உப்பை அளந்து, எனக்குப் படமும் அனுப்பினான். பத்து நாளும் 1.026, அதாவது சரியான கடல்நீரின் அடர்த்தி. படத்தைப் பார்த்து நானும் நிம்மதியாக இருந்தேன். திரும்பி வந்தபோது இறால் செத்துக் கிடந்தது. நத்தையில் மூன்று ஓட்டுக்குள் சுருங்கி, நாறத் தொடங்கியிருந்தன. ஸோவாந்தஸ் ஒன்றுகூட விரியவில்லை. அன்றே ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, ஆயிரத்துக்கு 35 என்று குறித்த திரவத்தில் சரிபார்த்துவிட்டு அளந்தேன். 40 காட்டியது. உங்கள் கருவி அப்போதும் 1.026-இல் நின்றது. ஊசியில் உப்புப் படிந்தால் குறைத்துக் காட்டும், காற்றுக்குமிழ் ஒட்டினால் கூட்டிக் காட்டும். இந்த வகைக் கருவிக்கு இது பழைய நோய். கழுவித் துடைத்து அளந்தும் ஊசி அசையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

“புத்தகத்துல அப்படித்தானே போட்டிருக்கு அக்கா” என்றான் தம்பி. முகம் செத்துப்போயிருந்தது. இன்றுவரை அந்தத் தொட்டிப் பக்கம் அவன் வருவதில்லை. உண்மையில் உங்கள் பெட்டியை வாங்கப்போகிற ஆள் நான் இல்லை, அவன்தான். நோட்டுப் போட்டு எட்டு மாதம் படிக்காதவன், கையேட்டில் இருப்பதை அப்படியே செய்கிறவன்.

உங்கள் சேவை எண்ணில் பேசிய ஊழியருக்கு இதையெல்லாம் விளக்கினேன். “கடல்ல இருக்கறதுதானே மேடம், உப்பு கொஞ்சம் கூடுனா என்ன?” என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் அதே கையேட்டைத்தான் கொடுத்திருப்பீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது.

பெட்டியில் இலவசமாக ஒரு நீல நிறப் பாட்டில். ‘வெள்ளைப்புள்ளி நோய்க்கு’ என்று போட்டிருக்கிறது. பின்பக்கம் பொடி எழுத்தில் காப்பர் சல்ஃபேட். தாமிரம் அந்த நோயைத் தரும் ஒட்டுண்ணியை, அது தண்ணீரில் நீந்தும் பருவத்தில், கொல்லும், வாஸ்தவம்தான். கூடவே இறால், நத்தை, பவளம் எல்லாவற்றையும் கொல்லும். பாறையிலும் மணலிலும் படிந்துகொண்டு அப்புறமும் தொந்தரவு கொடுக்கும். அதைத் தனித் தொட்டியில்தான் பயன்படுத்த வேண்டும். ‘ரீஃப்’ என்று பெயர் வைத்த பெட்டிக்குள் அதை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் போட்டிருக்கிறீர்கள். ஸோவாந்தஸ் விரியவில்லை என்றதும் தம்பி அதைத்தான் கையில் எடுத்திருக்கிறான். மூடி இறுகியிருந்ததால் தப்பித்தோம்.

மற்றொன்று கையேட்டின் 11-ஆம் பக்கம். ‘பாசி பிடித்த பாறையை வெளியே எடுத்துக் கொதிநீரில் போட்டு எடுக்கவும்.’ இது தொட்டி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, மனித உயிர் சம்பந்தப்பட்டது. ஸோவாந்தஸ் வகையறாப் பவளங்கள் சிலவற்றில், குறிப்பாகப் பாலிதோவா வகையில், பாலிடாக்சின் என்ற கடுமையான நஞ்சு இருக்கிறது. அது ஒட்டிய பாறையைக் கொதிக்க வைத்தால் நஞ்சு ஆவியோடு கிளம்பும். அதை மூச்சில் இழுத்து வீட்டில் இருந்தவர்கள் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. வெறும் கையால் தேய்த்தாலும் ஆபத்து, கையில் வெட்டுக்காயம் இருந்தால் இன்னும் ஆபத்து. கையுறை, கண்ணாடி என்று ஒரு வார்த்தைகூட உங்கள் 16 பக்கத்தில் இல்லை.

பெட்டியின் மேல் உள்ள படத்தைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடலாம் என்றிருந்தேன், முடியவில்லை. புளூ டாங் ஒன்று நீந்துகிறது. வளர்ந்தால் 30 சென்டிமீட்டர் வரை போகும் மீன் அது. தொட்டியின் அகலமும் 30 சென்டிமீட்டர். திரும்ப வேண்டுமென்றால் வெளியே வந்துதான் திரும்ப வேண்டும். பக்கத்தில் ஒரு கடல் அனிமோன் வேறு. நிலைபெற்ற பழைய தொட்டியிலேயே இடம் மாறி மாறிப் போய் மோட்டாரில் சிக்கிக்கொள்ளும் பிராணி அது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தொட்டியைத் திருப்பி எடுக்கச் சொல்லவில்லை. கண்ணாடி நல்ல கண்ணாடி, அதிலேயே தொடர்கிறேன். ஹைட்ரோமீட்டருக்கும் ஸ்கிம்மருக்கும் உரிய தொகை, செத்த இறாலுக்கும் மூன்று நத்தைக்கும் ஆன செலவு, இவற்றைத் திருப்பித் தாருங்கள். ஏழாம் பக்கத்தையும் 11-ஆம் பக்கத்தையும் திருத்தி, இந்தப் பெட்டியை ஏற்கெனவே வாங்கியவர்கள் அனைவருக்கும் செய்தி அனுப்புங்கள். வாங்கும்போது எல்லாரிடமும் கைப்பேசி எண் வாங்கினீர்கள்; விளம்பரம் வாரம் இரண்டு தவறாமல் வருகிறது, இதுவும் அதே வழியில் வரலாம். நீலப் பாட்டிலைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். 24 மணி நேரம் என்ற வரியையும் எடுத்துவிடுங்கள்.

செலவு கூடும் என்று உங்கள் ஆட்கள் சொல்லக்கூடும். ரிமோட்டையும் பதினாறு நிறத்தையும் பிளாஸ்டிக் பவளத்தையும் ஸ்கிம்மரையும் நீக்குங்கள். பவளத்துக்குள் வாழும் பாசிக்கு முக்கியமாக வேண்டியது நீல ஒளி. நீலமும் வெள்ளையும் உள்ள சாதாரண விளக்கு போதும். மிஞ்சும் பணத்தில் ஓர் எளிய ரிஃப்ராக்டோமீட்டரும் அம்மோனியா டெஸ்ட்டும் அடங்கிவிடும் என்று என் நோட்டுக் கணக்கு சொல்கிறது. வேண்டுமானால் அந்தப் பக்கத்தை நகலெடுத்து அனுப்புகிறேன்.

30 நாளுக்குள் எழுத்தில் பதில் வரவில்லை என்றால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் முறையிடுவேன்.

ஸோவாந்தஸைப் பற்றிக் கேட்பீர்களோ மாட்டீர்களோ, சொல்லிவிடுகிறேன். தினமும் கொஞ்சம் உப்புநீரை எடுத்துவிட்டு ஆர்ஓ-டிஐ தண்ணீர் ஊற்றி, ஆறு நாளில் மெல்ல மெல்ல 35-க்கு இறக்கினேன். நேற்றுக் காலை நாலு விரிந்திருந்தன.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், கையேட்டின் 7, 11-ஆம் பக்கங்களின் புகைப்படம், இரண்டு கருவிகளும் ஒரே தண்ணீரில் காட்டிய அளவுகளின் புகைப்படம், தம்பி அனுப்பிய பத்து நாள் படங்கள், நீல நிறப் பாட்டில் ஒன்று (திறக்கப்படவில்லை).