நந்தவனத்துக்கு வேலி போட இன்னும் 1,37,500 ரூபாய் வேண்டும்

ஊர்ப் பெரியவர்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் நந்தவனத் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் நம் களிமண்ணில் வெட்டுகிற குழியெல்லாம் குட்டையாகிவிடும். புரட்டாசி முதல் வாரத்துக்குள் கன்று நட்டாக வேண்டும். அதற்கு ஆவணிக்குள் வேலி முடிய வேண்டும். வேலி இல்லாமல் நட்டால் ஒரே மத்தியானத்தில் ஆடு மேய்ந்துவிடும்.

ஒரு காலத்தில் சுவாமிக்கு வெளியிலிருந்து பூ வாங்கிய வழக்கமே நம் ஊரில் கிடையாது. பண்டாரம் விடியுமுன் குடலையோடு போவார். நந்தியாவட்டை, அரளி, செம்பருத்தி எல்லாம் அங்கேயே. மகிழ மரத்தடியில் உதிர்ந்ததை வாழைநாரில் கோத்து எடுத்துப்போன பாட்டிமார் இன்றும் இருக்கிறார்கள். காய்ந்த பிறகும் அந்தச் சரம் புடவைப் பெட்டியில் மணக்கும். 2018 நவம்பர் 16 கஜா புயலில் அந்த மகிழமும் புன்னையும் வேரோடு சாய்ந்தன. இன்று சுவாமிக்கு மாலை பஸ்ஸில் வருகிறது. தென்னையை இழந்தவர்கள் மறுபடி தென்னை வைத்துவிட்டோம். ஈசன் தோட்டம் மட்டும் கருவேல முள்ளாகக் கிடக்கிறது.

டொரண்டோவில் இருக்கும் மேலத்தெருக் குடும்பம் ஒன்று செர்ரி மரம் வாங்கித் தருகிறோம் என்றது. 1959-இல் டோக்கியோ மக்கள் அந்த நகரத்துக்குக் கொடுத்த செர்ரி மரங்கள் ஹை பார்க்கில் இலை விடுமுன்பே பூத்து நிற்பதைப் படத்தில் பார்த்து எங்களுக்கும் ஆசைதான். ஆனால் அது பனியைத் தாங்கும் மரம் மட்டுமல்ல, குளிர் இல்லாமல் பூக்காத மரம். பல நூறு மணி நேரம் 7 டிகிரிக்குக் கீழே கிடந்தால்தான் மொட்டு விழிக்கும். இங்கே மார்கழி விடியலிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். விஷயத்தைச் சொன்னோம். "சரி, அப்ப கொன்றையே வையுங்க" என்று அதே 50,000 ரூபாயை அனுப்பிவிட்டார்கள். சித்திரையில் சரம் சரமாகத் தொங்கும் கொன்றை சிவனுக்கே உரிய பூ. அழகில் எதற்கும் குறைந்ததல்ல. தண்ணீர் தேங்கினால் கொன்றை வேர் அழுகும் என்பதால் 2 அடி மேடு போட்டு நடுகிறோம். பள்ளத்தில் மருதும் பூமருதும், காற்று வரும் பக்கம் புன்னை, நடுவில் மகிழம்.

கம்பி வேலிக்கு 1,65,000. மண் அடித்து மேடு போட 70,000. மோட்டார், சொட்டுநீர்க் குழாய் 85,000. கன்று, தொழு உரம், கூலி 60,000. ஆக 3,80,000. வந்தது 2,42,500.

கொடுத்தவர்களை எப்படி மறப்போம்! நூறு நாள் வேலைக் கூலியில் 11,000 சேர்த்துக் கொடுத்த கீழத்தெரு மகளிர் குழுவுக்கும், டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு முள்ளை அகற்றிய டிராக்டர்காரத் தம்பிகளுக்கும், உண்டியலை உடைத்து 1,260 ரூபாயைச் சில்லறையாகவே கொண்டுவந்து கொட்டிய பள்ளிப் பிள்ளைகளுக்கும் கோடி நன்றி. அந்தச் சில்லறையை எண்ணும்போது எங்கள் பொருளாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

பங்குனிக் கூட்டத்தில் கை தூக்கித் தொகை எழுதிய சிலர் இன்னும் தரவில்லை. பெயர் சொல்ல மாட்டோம். சுவாமி முன்னால் சொன்ன வார்த்தை, அவ்வளவுதான். வீட்டு விசேஷத்துக்கு மேடை அலங்காரப் பூவுக்கே ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம், இதற்குத் தயங்கலாமா?

ஒரு கன்றை நட்டு வேலிக்குள் 3 ஆண்டு காக்க 5,000 ரூபாய். முடியாதவர்கள் 100 கொடுத்தாலும், ஒரு நாள் மண் சுமந்தாலும் சந்தோஷம். தினமும் மாலை 5 முதல் 7 வரை கோயில் மண்டபத்தில் பொருளாளர் இருப்பார். ரசீது கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆவணி 15-க்குள் வேலிக்காரருக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.