புதியவர்களின் முதல் பேட்சுக்கு, அதாவது நிரல் திருத்தத்துக்கு, பதில் சொன்னவர்களுக்கு

யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தி அனுப்பவும் முடிகிற எங்கள் திறந்த மூல நிரல் நூலகத்துக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

போன வருடம் வரை எங்கள் புலம்பல் ஒன்றேதான்: புதியவர்கள் யாரும் வருவதில்லை. உங்களில் ஒருவர் பழைய புல் ரிக்வெஸ்ட்களை (திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி வரும் கோரிக்கைகளை) உட்கார்ந்து படித்துவிட்டு வந்து சொன்னார்: "வராமல் இல்லை. வந்தார்கள். பதில் இல்லாமல் போய்விட்டார்கள்." அதைக் கேட்டபோது கோபம்தான் வந்தது. அப்புறம் நானும் படித்துப் பார்த்தேன். நல்ல திருத்தங்கள், கூடவே அவை சரியாக ஓடுகின்றனவா என்று பார்க்கும் டெஸ்ட்டும் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். கீழே ஒரு வார்த்தை இல்லை. அந்த உண்மையைச் சொன்னதற்கு முதல் நன்றி.

அடுத்தது, புத்தம்புது விண்டோஸ் கணினியில் புதியவர்களுக்கான எங்கள் வழிகாட்டியை வரிக்கு வரி பின்பற்றி, எங்கெல்லாம் தடுக்கி விழுந்தார் என்று குறித்துத் தந்தவருக்கு. எங்களுக்கு அந்த வழிகாட்டி மனப்பாடம் என்பதால் அதில் விட்டுப்போனது எதுவும் கண்ணில் படவே இல்லை. அவர் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஆனாலும் நிரலின் வடிவத்தைப் பார்க்கும் நடைச் சோதனை எல்லாக் கோப்பிலும் பிழை என்றது. காரணம், வரி முடிவுக் குறி. வரி எங்கே முடிகிறது என்று காட்டும் கண்ணுக்குத் தெரியாத குறி அது; விண்டோஸில் ஒரு மாதிரி, லினக்ஸில் வேறு மாதிரி. விண்டோஸில் கிட் (கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவி), கோப்புகளை எடுத்துவைக்கும்போது வரி முடிவை மாற்றிவிடும் அமைப்பு பலரிடம் இருக்கும். எங்கள் கருவியோ லினக்ஸ் பாணி வரி முடிவை மட்டுமே ஏற்கும். கிட்டுக்கு விதி சொல்லும் கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்ததும் சரியாகிவிட்டது. அதுவரை எத்தனை பேரிடம் "உங்கள் நிரலை ஒழுங்காக ஃபார்மேட் செய்து அனுப்புங்கள்" என்று எழுதியிருப்போம்! தப்பு எங்களுடையது. அவர்களில் யாராவது இதைப் படித்தால், மன்னித்துக்கொள்ளுங்கள்.

நிரலின் வடிவத்தைத் தானே சரிசெய்யும் ஃபார்மேட்டரையும், மாற்றத்தைப் பதியும் முன்பே அதை ஓட்டும் பிரீ-கமிட்டையும் பொருத்தித் தந்தவர்களுக்கும் நன்றி. இடைவெளி, காற்புள்ளிச் சண்டைகள் இப்போது இல்லை. ரிவியூவில் (வந்த திருத்தத்தைப் படித்துப் பார்க்கும்போது) தர்க்கத்தைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

2020 அக்டோபர் ஞாபகம் இருக்கிறதா? ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின் டி-ஷர்ட் பரிசுக்காக, திட்டத்தை அறிமுகப்படுத்தும் ரீட்மி கோப்பில் ஒரு வார்த்தையை மாற்றி மாற்றி அனுப்பிய வெள்ளம். அந்த நிகழ்வை நடத்தியவர்கள் அதே மாதத்தில் விதியை மாற்றி, விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். நாங்கள் மட்டும் அந்த எரிச்சலை விடவே இல்லை. அப்போது வைத்த நீளமான சரிபார்ப்புப் பட்டியல், வெள்ளம் வடிந்த பிறகும் வாசலில் பூட்டு மாதிரி தொங்கியது. எழுத்துப்பிழையைத் திருத்த வந்தவர்கூட அத்தனை பெட்டிகளையும் டிக் செய்ய வேண்டும். "இது யாரைத் தடுக்கிறது?" என்று கேட்டு அதை மூன்று கேள்விகளாகச் சுருக்கியவர், பல நாள் விவாதத்தைப் பொறுமையாகத் தாங்கினார். எதிர்த்து வாதாடியவர்களில் நானும் ஒருவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் பொதுவான வேலையை யாரும் செய்வதில்லை. புல் ரிக்வெஸ்ட் வந்தால் வேறு யாராவது பார்ப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். ரஸ்ட் நிரல்மொழித் திட்டத்தில் ஒரு பாட் (தானியங்கி நிரல்) தானாகவே ரிவியூவரை நியமித்துவிடும். அதைப் பார்த்து நமக்கும் சின்னதாக ஒன்று எழுதித் தந்தீர்கள். இப்போது ஒவ்வொரு பேட்சுக்கும் பெயர் சொல்லிக் கேட்க ஓர் ஆள் இருக்கிறார். முழு ரிவியூவுக்கு நேரம் இல்லை என்றாலும் "பார்த்தேன், வார இறுதியில் படிக்கிறேன்" என்று இரண்டு வரி போய்விடுகிறது. அந்த இரண்டு வரிக்காக எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

புதியவர்களுக்கான இஷ்யூக்களை (சரிசெய்ய வேண்டியவை பற்றிய குறிப்புகளை) எழுதி வைக்கிறவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தப் பிழைகளை அவரே பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடுவார். சரிசெய்யாமல், எந்தக் கோப்பு, எந்தச் செயற்கூறு, எந்த டெஸ்ட்டை ஓட்டிப் பார்க்க வேண்டும், முடிந்ததும் என்ன தெரிய வேண்டும் என்று அரை மணி நேரம் செலவழித்து எழுதுகிறார். கை பரபரக்கும், தெரியும். எனக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் வரவில்லை. போன மாதம்கூட அவர் ஒதுக்கி வைத்திருந்த ஒன்றை நானே சரிசெய்து நூலகத்தில் சேர்த்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மறுப்பு எழுதுவதற்கும் ஒரு கை வேண்டும். ஏற்க முடியாத மாற்றத்தைச் சும்மா கிடப்பில் போடாமல், ஏன் முடியாது, அதே தேவைக்கு வேறு என்ன வழி என்று விளக்கி அந்தக் கோரிக்கையை மூடுகிறவர்களுக்கு நன்றி. அப்படிக் கோரிக்கை மூடப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இன்று எங்கள் ஆவணங்களைப் பார்த்துக்கொள்கிறார்.

கிட் வரலாற்றில் கமிட் செய்தவர் (மாற்றத்தைப் பதிந்தவர்) பெயர்தான் இருக்கும். இஷ்யூக்களைத் தரம் பிரித்தவர், அரட்டையில் ஒரே கேள்விக்குப் பத்தாவது முறையும் சலிக்காமல் பதில் சொன்னவர், மொழிபெயர்த்தவர் யாரும் அதில் வரமாட்டார்கள். அதனால்தான் இந்த மடல். பங்களிப்பாளர் பட்டியலில் இனி எல்லோருடைய பெயரும் வரும். யாரையாவது விட்டிருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், உடனே சேர்த்துவிடுகிறேன்.

ஒரு வேலை பாக்கி. சிஐ (ஒவ்வொரு மாற்றத்துக்கும் டெஸ்ட்களைத் தானே ஓட்டும் அமைப்பு) இன்னும் நத்தை வேகத்தில்தான் ஓடுகிறது. அதற்கான இஷ்யூ திறந்தே கிடக்கிறது. இந்த முறை நான் தொடமாட்டேன்.

நன்றியுடன்,
உங்கள் மெயின்டெய்னர்களில் (நூலகத்தைப் பராமரிப்பவர்களில்) ஒருவன்