‘லைஃப்டைம்’ என்றால் எத்தனை கிலோமீட்டர்?

இந்தியாவில் ஜெர்மன் கார் விற்கும் நிறுவனங்களின் சர்வீஸ் பிரிவுத் தலைவர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் ஒருவருடைய காரைத்தான் ஆறு வருடமாக ஓட்டுகிறேன். எந்த நிறுவனம் என்று இங்கே எழுதவில்லை. வேறு வேறு சின்னம் போட்ட கார் வைத்திருக்கும் என் நண்பர்களுக்கும் இதே பதில்தான் கிடைத்திருக்கிறது என்பதால் எல்லோருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றவே வேண்டாம், அது லைஃப்டைம் ஆயில் என்கிறீர்கள். அந்த லைஃப் எத்தனை கிலோமீட்டர், எத்தனை வருடம்? சர்வீஸ் புத்தகத்தில் அதை ஒரு எண்ணாகப் போடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நண்பர் ஒருவர் 95,000 கி.மீ. ஓடிய தன் காரை சர்வீஸுக்கு விட்டபோது, கியர்பாக்ஸ் ஆயிலையும் மாற்றிக் கொடுங்கள், ஆகிற பணத்தைக் கொடுத்துவிடுகிறேன் என்று கேட்டிருக்கிறார். அட்டவணையில் இல்லை, செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவரையே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவர் அதை என்னிடம் சொன்ன அன்று ராத்திரிதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன், ஏனென்றால் அந்தப் பதிலின் விலை என்ன என்று எனக்குத் தெரியும்.

போன வருடம் மே மாதம். குன்னூரில் அக்கா மகளுக்கு வளைகாப்பு. கோயம்புத்தூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பினோம், பின்சீட்டில் அம்மா மடியில் வளையல் தட்டு, டிக்கி முழுக்கச் சீர்வரிசை. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும் வரைக்கும் ஒன்றுமில்லை. பர்லியாறுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பி ஆக்சிலரேட்டரை மிதித்தபோது, வரிசையாகப் போட்ட சின்னச் சின்ன வேகத்தடை மேல் ஏறி இறங்குவது போல வண்டி நடுங்கியது. அடுத்த வளைவில் ஒரு உதை. அப்புறம் திரையில் கியர்பாக்ஸ் கோளாறு என்று எழுத்து வந்தது, வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டு ஏற மறுத்தது. ஓரம் கட்ட இடமில்லை. பின்னால் பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடிக்க, நடு ஏற்றத்தில் நின்றோம். பிக்கப் வண்டிக்காரர் ஒருவர் இறங்கி வந்து, ரோட்டோரம் கிடந்த இரண்டு கல்லைத் தூக்கிப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் போட்டால் ஒரு வளைவு ஏறும், திரும்ப அதே நடுக்கம். இரண்டு முறை முயற்சி செய்துவிட்டு விட்டுவிட்டேன். கடைசியில் ஒரு அரசு பஸ்ஸை நிறுத்தி, அம்மா அந்த வளையல் தட்டோடு ஏறிப் போனார்கள். முழங்கால் வலிக்காரர். படியில் ஏற முடியாமல் கண்டக்டர் கை கொடுத்துத் தூக்கிவிட்டதைப் பார்த்துக்கொண்டு நான் காருக்குப் பக்கத்தில் நின்றேன். டோ வண்டி வர மூன்றரை மணி நேரம் ஆனது.

அதன் பிறகு சர்வீஸ் சென்டர். அங்கே இருந்த தம்பி மரியாதையான பையன், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. “கியர்பாக்ஸ் அசெம்பிளியே மாத்தணுங்க சார்” என்று எஸ்டிமேட் கொடுத்தார். ஏழு லட்சத்து இருபதாயிரம். அந்த வண்டியை அன்றைக்கு விற்றிருந்தால்கூட ஒன்பது லட்சத்துக்கு மேல் போயிருக்காது. ஆயிலை மாற்றியிருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று கேட்டேன்.

“அது லைஃப்டைம் ஆயில் சார். மாத்தவே வேண்டாம்.”

“அப்போ ஏன் போச்சு?”

“லைஃப் முடிஞ்சிருச்சுங்க சார்.”

வண்டி அன்றைக்கு ஓடியிருந்தது 1,38,000 கி.மீ. எஞ்சின் ஆயில் ஒரு தடவைகூடத் தள்ளிப்போனதில்லை. எல்லா சர்வீஸும் உங்கள் அங்கீகாரம் பெற்ற இடத்தில், உங்கள் முத்திரையோடு புத்தகத்தில் இருக்கிறது. நீங்கள் சொன்னதையெல்லாம் செய்தவனிடம், கடைசியில் லைஃப் முடிந்துவிட்டது என்கிறீர்கள். அந்த லைஃப் எவ்வளவு என்று முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் ஆயிலை மாற்றியிருப்பேனே.

காரை அங்கிருந்து எடுத்துக்கொண்டு கணபதி பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். ஜெர்மன் வண்டி மட்டும் பார்ப்பவர். உத்தரவாதம் எதுவும் தர முடியாது, திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். அந்த கியர்பாக்ஸுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டு பிளாஸ்டிக். ஃபில்டரும் அதற்குள்ளேயே சேர்ந்து வருவதால் மாற்றினால் மொத்தமாக மாற்ற வேண்டும். அதற்காக அங்கீகாரம் பெற்ற கவுண்ட்டரில் போய்க் கேட்டால், வெளி ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுப்பதில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். டெல்லி காஷ்மீரி கேட்டில் இருக்கும் ஒரு கடையிலிருந்து வரவழைக்க ஒன்பது நாள் ஆனது. தட்டைக் கழற்றியபோது நானும் பக்கத்தில் நின்றேன். உள்ளே இரும்புத்தூள் பிடிக்க வட்டக் காந்தங்கள் இருக்கின்றன. அண்ணன் ஒரு காந்தத்தின் மேல் விரலை வைத்து இழுத்து, வெள்ளை வேஸ்ட் துணியில் ஒரு கோடு போட்டார். கண்மை தீட்டியது போலக் கருகருவென்று இருந்தது. வடித்த ஆயிலில் கருகல் வாசனை. “இது எப்பவோ செத்துப்போன ஆயிலுங்க” என்றார்.

புது ஆயில் ஊற்றுவதும் சாதாரண வேலையில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் சூடு 30 டிகிரிக்கும் 50 டிகிரிக்கும் நடுவில் இருக்கும்போது அளவு பார்க்க வேண்டும் என்பதால் மறுநாள் காலை ஆறு மணிக்கே வரச் சொல்லி, கம்ப்யூட்டரில் சூட்டைப் பார்த்துக்கொண்டே ஊற்றினார். கசிந்துகொண்டிருந்த ஒரு சீலையும் மாற்றி, கியர் மாற்றும் விதம் பற்றி கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் பழகி வைத்திருந்ததை அழித்துத் திரும்பப் பதிவு செய்தார். மொத்தச் செலவு 52,000 ரூபாய். அதற்குப் பிறகு 14,000 கி.மீ. ஓடிவிட்டது, நாலு தடவை ஊட்டி ஏறியிருக்கிறேன், நடுக்கம் இல்லை. எல்லா வண்டிக்கும் இப்படி நடக்கும் என்று சொல்லமாட்டேன், சில கியர்பாக்ஸ் உண்மையிலேயே தேய்ந்து போயிருக்கும். ஆனால் ஏழு லட்சம் எஸ்டிமேட் போடுவதற்கு முன்னால் அந்தத் தட்டைத் திறந்து பார்க்கக்கூட உங்கள் ஆட்கள் நினைக்கவில்லை.

இது தெரியாமல் நடக்கும் தவறும் இல்லை. பல ஜெர்மன் கார்களுக்கு எட்டு கியர் ஆட்டோமேட்டிக் செய்து கொடுக்கும் இசட்எஃப் நிறுவனம், கடினமாக ஓடும் வண்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது எட்டு வருடத்துக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் நகரில் 1915-லிருந்து பல்சக்கரம் செய்து வருபவர்கள். செய்தவன் மாற்று என்கிறான், விற்பவர் வேண்டாம் என்கிறீர்கள். வாங்கியவன் யார் பேச்சைக் கேட்பது? அதே ஜெர்மன் உலகத்தில், ஃபோக்ஸ்வாகனின் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸான டிஎஸ்ஜி-யில், கிளட்ச் ஆயிலில் நனைந்து ஓடும் ஆறு கியர் வகைக்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும் என்று அட்டவணையிலேயே இருக்கிறது. அங்கே எண் போட முடிகிறது, இங்கே ஏன் முடியவில்லை? கடினமான ஓட்டம் என்றால் என்ன என்றும் யோசித்துப் பாருங்கள். நாற்பது டிகிரி வெயில், காந்திபுரம் சிக்னலில் ஊர்ந்து போவது, மாதம் ஒருமுறை மலை ஏறுவது, இதெல்லாம் எங்களுக்கு அன்றாட ஓட்டம். சூடு ஏற ஏற ஆயிலின் ஆயுள் குறையும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் வாங்குபவர் நாலைந்து வருடத்தில் விற்றுவிடுகிறார், அவருக்குப் பராமரிப்புச் செலவு குறைவாகத் தெரிய வேண்டும். உங்கள் லைஃப்டைம் அவரோடு முடிந்துவிடுகிறது. என்னைப் போல இரண்டாம் கையாக வாங்குபவன் உங்கள் கணக்கிலேயே இல்லை. ஆனால் உங்கள் வண்டியின் பெயரைத் தெருவில் காப்பாற்றுகிறவர்கள் நாங்கள்தான். பத்து வருடப் பழைய ஜெர்மன் கார் நன்றாக ஓடுவதைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுக்காரர் ஷோரூமுக்கு வருகிறார்.

என் அப்பா பொள்ளாச்சியில் அம்பாசடர் வைத்திருந்தார். தினமும் காலையில் பானெட்டைத் திறந்து, டிப்ஸ்டிக்கை உருவி, பழைய பனியன் துணியில் துடைத்து, திரும்பவும் விட்டு எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார். வண்டி வைத்திருப்பது என்றால் அதுதான் என்று நான் கற்றுக்கொண்டேன். உங்கள் கார்கள் பலவற்றில் எஞ்சினுக்கே டிப்ஸ்டிக் கிடையாது, திரையில் பார்த்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். ஸ்டெப்னி வேண்டாம் என்று எடுத்துவிட்டு காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-ஃப்ளாட் டயர் போடுகிறீர்கள், பள்ளத்தில் விழுந்து பக்கவாட்டில் வீங்கினால் பல்லடத்தில் எந்த பஞ்சர் கடையில் அது கிடைக்கும்? கூலண்ட் போகும் இடமெல்லாம் பிளாஸ்டிக், நம் ஊர்ச் சூட்டில் ஏழெட்டு வருடத்தில் நொறுங்குகிறது. பல மாடல்களில் பேட்டரி மாற்றினால்கூட அதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. உதிரிபாகத்தையும் தகவலையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் பூட்டி வைக்கிறார்கள் என்றுதான் 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ் பென்ஸ், ஃபோக்ஸ்வாகன் பெயர்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. அதற்கப்புறம் மேல்முறையீடு, வழக்கு என்று போனது உங்களுக்கே தெரியும். இத்தனை வருடம் கழித்தும் ஒரு பிளாஸ்டிக் தட்டுக்கு நான் டெல்லிக்குச் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

இந்த வண்டியை எனக்குப் பிடிக்கும், அதையும் சொல்ல வேண்டும். சேலத்திலிருந்து கோயம்புத்தூர் வரும் ரோட்டில் நூறில் போகும்போது ஸ்டியரிங் கையில் உட்காரும் விதம், காற்று அடித்தாலும் அசையாத அந்தப் பிடிமானம், கதவைச் சாத்தும்போது வரும் அந்த ஒற்றைச் சத்தம், இதற்காகத்தான் மூன்று வருடம் பணம் சேர்த்து வாங்கினேன். ஜெர்மன் கார் எதற்கு, யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்று கேட்ட சொந்தக்காரர்களிடமெல்லாம், கேட்பதை நேரத்துக்குக் கொடுத்தால் நம்மை ஒருநாளும் கைவிடாது என்று வாதாடியிருக்கிறேன். என்ன கேட்கிறது, எப்போது கேட்கிறது என்று நீங்கள் சொன்னால்தானே கொடுக்க முடியும்?

அதனால் தயவுசெய்து செய்யுங்கள். இந்தியாவின் வெயிலுக்கும் மலைக்கும் நெரிசலுக்கும் பொருந்துகிற மாதிரி, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை எத்தனை கிலோமீட்டரில், எத்தனை வருடத்தில் மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு மாடலுக்கும் எழுத்தில் கொடுங்கள். அந்த எண் வரும் வரைக்கும், கேட்டு வருபவருக்குப் பணம் வாங்கிக்கொண்டாவது மாற்றிக் கொடுக்கச் சொல்லி உங்கள் சர்வீஸ் சென்டர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். தட்டும் ஆயிலும் கவுண்ட்டரில் யார் கேட்டாலும் விற்கச் சொல்லுங்கள். இதில் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

என் சர்வீஸ் புத்தகத்தில் 1,38,000-க்கு நேராக ‘கியர்பாக்ஸ் ஆயில் மாற்றப்பட்டது’ என்று நானே பேனாவில் எழுதி வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே ‘அடுத்தது’ என்று எழுதிவிட்டு, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். அதில் எழுத வேண்டிய எண்ணை நீங்கள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கோயம்புத்தூரிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்