ஊஞ்சல் படம்

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை போனில் "கண்காட்சி எப்படிம்மா போச்சு?" என்று கேட்டாய். "நல்லாப் போச்சு" என்று சொல்லிவிட்டு ஹாம்பர்க் மழையைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிட்டேன். நீ கவனித்திருப்பாய். போனில் சொன்னால் "பரவாயில்லம்மா" என்று நீ உடனே சொல்லிவிடுவாய். அது எனக்கு வேண்டாம், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் ஊஞ்சல் படத்தை விற்றுவிட்டேன். நான் அடித்த பன்னிரண்டு பிரதிகளில் முதலாவது என்று 1/12 எனப் பென்சிலால் எண் போட்டு உனக்கென்று எடுத்து வைத்திருந்ததைத்தான்.

கண்காட்சி நம் தெருக்கோடி நூலகத்தின் மாடியில் மூன்று நாள் நடந்தது. ஒன்பது பேர் சேர்ந்து வைத்தோம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஜன்னலுக்கு ஜன்னல் கொடிக்கயிறு கட்டி, துணி கிளிப் போட்டுச் சின்னப் படங்களைத் தொங்கவிட்டோம். கண்ணாடிச் சட்டம் போட்டவற்றைப் பெஞ்சுகளின் மேல் சாய்த்து வைத்தோம். ட்யூப்லைட் வெளிச்சம் கண்ணாடியில் அடித்து, முன்னால் நின்றால் படத்துக்குப் பதில் உன் முகமே தெரியும். கீழே தினத்தந்தி படிக்க வருகிற பெரியவர்கள்தான் முதல் நாள் பார்வையாளர்கள். ஒருவர், லினோலியத் தகட்டில் செதுக்கி மை தடவி அடித்த என் லினோ பிரிண்ட்டை மூக்கு இடிக்கிற தூரத்தில் பார்த்துவிட்டு, "இது மிஷின்ல அடிச்சதாம்மா?" என்றார். பையிலிருந்து எவர்சில்வர் குழிக்கரண்டியை எடுத்துக் காட்டினேன். "இதோட முதுகால தேய்ச்சுத்தான் அடிக்கிறேன்" என்றதும் போய் இன்னும் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு வந்தார்.

கூட்டம் சேர்ந்ததென்னவோ பேனர் அண்ணனிடம்தான். சினிமா பேனர் வரைந்துகொண்டிருந்தவர். ஃப்ளெக்ஸ் வந்தபிறகு அந்தத் தொழில் போய், இப்போது கடை ஷட்டர்களில் எழுத்து எழுதுகிறார். செல்போனில் ஒரு பையனின் போட்டோவைப் பார்த்து, சார்ட் பேப்பரில் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகக் கண், மூக்கு என்று ஏற்றிக்கொண்டே போனார். நாற்பதடிக்கு வரைந்த கை, ஒன்றரை அடியில் அடங்கத் திணறியதை நான் பார்த்தேன். பையனின் காது மட்டும் ரஜினி காது மாதிரி வந்துவிட்டது. அவன் அம்மாவுக்கு அதில் பரம சந்தோஷம்.

சரி, உன் படத்துக்கு வருகிறேன். சட்டம் போட்டவை மொத்தம் பதினான்கு. ஒன்றுக்கு 650 ரூபாய், ஆக 9,100. சட்டக் கடைக்காரரிடம் "முடிஞ்சதும் தர்றேன்" என்று சொல்லியிருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் வரை விற்றது 40 ரூபாய் வீதம் 38 தபால் அட்டைகள், 800 ரூபாய் வீதம் இரண்டு சின்ன பிரிண்ட். கணக்குப் போட்டுப் பார், 3,120. நாலு மணிக்கு ஒரு பல் டாக்டர் வந்தார். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு ஊஞ்சல் முன்னால் நின்றார். "விற்பனைக்கு அல்ல" என்று சீட்டு ஒட்டியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "இது கிடைக்கவே கிடைக்காதா?" என்றார். நான் யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். யோசிக்கவில்லை. 6,500 என்று வாய் சொல்லியது, கை சீட்டைப் பிய்த்துவிட்டது. அவருடைய கிளினிக்கில் மாட்டப்போகிறாராம். இனிமேல் பல்வலியோடு வருகிறவர்கள் நீ வாயைத் திறந்துகொண்டு தூங்குவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள்.

சட்டக் கடைக்குக் கொடுத்தது போக 520 மிஞ்சியது. எல்லோருக்கும் டீ, மசால்வடை.

எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்தபோது எங்களைச் சோழமண்டலத்துக்கு அழைத்துப் போவார்கள். அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்த பணிக்கரும் மற்ற ஓவியர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய ஊர். மெழுகு தடவிச் சாயம் போடுகிற பாத்திக் துணி செய்து விற்ற காசில் நிலம் வாங்கியவர்கள் அவர்கள். வயிற்றுக்குக் கைத்தொழில், அப்புறம் ஓவியம். இருபது வயதில் எனக்கு அது பெரிய லட்சியமாகத் தெரிந்தது. இப்போது என் மேஜையில் பதினோரு கொலு பொம்மைகள் நிற்கின்றன, புரட்டாசிக்கு முன்னால் முடித்துத் தர வேண்டும். ஒரு தசரதருக்கு மூக்கில்லை. சாக்பவுடரும் ஃபெவிகாலும் குழைத்து மூக்கு வைத்து, காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். இதில் லட்சியம் ஒன்றும் இல்லை, ஆனால் மூக்கு சரியாக உட்காருகிற நிமிஷம் நன்றாக இருக்கிறது.

"இன்னொண்ணு அடிச்சுக்கோயேம்மா" என்று நீ கேட்பாய். முடியாது. 2009 மே லீவில் மன்னார்குடி வீட்டில் நீ ஊஞ்சலில் தூங்கியபோது பென்சிலில் வரைந்ததை, சென்னைக்கு வந்து லினோவில் செதுக்கினேன். மூன்று நிறத்துக்கும் ஒரே தகடு. முதலில் வெளிர் மஞ்சளை எல்லாத் தாளிலும் அடித்துவிட்டு, மஞ்சளாகவே நிற்க வேண்டிய இடத்தைத் தகட்டில் செதுக்கி எடுத்துவிட வேண்டும். மிச்சத்தில் காவியைத் தடவி, அதே தாள்களின் மேல் அடிக்க வேண்டும். மறுபடி செதுக்கி, கடைசியாகக் கருநீலம். பிக்காசோகூட 1950களின் கடைசியில் இந்த முறையில் நிறைய செய்தார். படம் வளர வளரத் தகடு தேய்ந்துகொண்டே போகும். கடைசி நிறம் அடித்து முடிக்கும்போது தகட்டில் மிஞ்சியது ஊஞ்சல் சங்கிலியும் உன் தலைமுடியும் மட்டும்தான். பதினைந்து தாளில் தொடங்கினேன். இரண்டு மை ஈஷிப் போயின. பன்னிரண்டுக்கு எண் போட்டேன்.

பதினைந்தில் ஒன்று எங்கே என்று உனக்குக் கேட்கத் தோன்றும்.

அதற்கு எண் போடவில்லை. மூலையில் ஏ.பி. என்று மட்டும் எழுதி அலமாரிக்குள் வைத்துவிட்டேன், ஓவியர் தனக்கென்று வைத்துக்கொள்கிற பிரதிக்கு அப்படித்தான் எழுதுவது. கருநீலம் அடிக்கும்போது தாள் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டது. அன்றைக்கே அப்பா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்து, "ரிஜிஸ்டர் அவுட்" என்றார், நிறத்தின் மேல் நிறம் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். பிரஸ்ஸில் முப்பது வருஷம் இருந்தவரிடம் இதை மறைக்க முடியுமா? ஊஞ்சல் சங்கிலிக்குப் பக்கத்திலேயே காவியில் இன்னொரு சங்கிலி தெரியும். நேற்று வெளியே எடுத்துப் பார்த்தேன். ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. பன்னிரண்டிலும் அது நின்றுகொண்டுதான் இருந்தது என்று எனக்கு நேற்றுதான் பட்டது. இதை உன்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறேன் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள்.

அதைத்தான் அனுப்புகிறேன். அப்பா பி.வி.சி. குழாயை அளந்து அறுத்து, இரண்டு பக்கமும் மூடி போட்டு, திங்கட்கிழமை தபாலில் சேர்த்துவிட்டார். வந்ததும் உடனே விரிக்காதே, ஒரு நாள் அறையிலேயே கிடக்கட்டும். அப்புறம் முகம் மேலே தெரியும்படி மேஜையில் விரித்து, மேலே ஒரு வெள்ளைத் தாள் போட்டு, கனமான புத்தகங்களை இரண்டு நாள் அடுக்கி வை. சுருள் போய்விடும். இஸ்திரிப் பெட்டி வைக்காதே, அடி வாங்குவாய்.

சட்டம் அங்கேயே போட்டுக்கொள். இங்கே 650.

அம்மா