சனிக்கிழமை நாபா பயணம்: கிளம்பும் முன் படித்துவிடுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் இரண்டு ஒயின் ஆலைகளுக்குப் போய் ருசி பார்க்கப் போகிறோம். வேன் காலை 8 மணிக்குக் கிளம்பும். சொந்தக் காரில் யாரும் வர வேண்டாம். கலிஃபோர்னியாவில் ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதத்தைத் தொட்டாலே வண்டி ஓட்டுவது குற்றம். 21 வயது நிரம்பியதற்கு அடையாள அட்டை அவசியம். தலை நரைத்தவர்களும் எடுத்து வாருங்கள்.

முதலில் வடக்கே கலிஸ்டோகா ஊரில் ஷட்டோ மாண்டலீனா ஒயின் ஆலை. 1976இல் பாரிஸில் பெயரை மறைத்து நடந்த ருசிப் போட்டியில், பிரெஞ்சு நடுவர்களே இவர்களுடைய 1973 அறுவடை ஷார்டனே திராட்சை ஒயினுக்கு வெள்ளை ஒயினில் முதலிடம் கொடுத்துவிட்டார்கள்! அங்கிருந்து சில்வராடோ டிரெயில் வழியாகத் தெற்கே இறங்குவோம். நெடுஞ்சாலை 29ஐ விட நெரிசல் குறைவு, இரு பக்கமும் திராட்சைதான். யாண்ட்வில் ஊரில் மதிய உணவு. அப்புறம் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸ். அதே போட்டியில் சிவப்பு ஒயினில் வென்றது இவர்களுடைய 1973 கேபர்நே திராட்சை ஒயின். இரண்டு இடம் போதும். மூன்றாவதுக்குப் போனால் நாக்கு மரத்துவிடும் என்பது என் அனுபவம்.

சென்ட், மல்லிகைப்பூ இரண்டும் வேண்டாம். ஒயினில் பாதி ருசி மணத்தில்தான் இருக்கிறது. கோப்பையைச் சுழற்றி, முகர்ந்து, வாயில் கொஞ்சம் வைத்திருங்கள். விழுங்காமல் துப்பினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். காலையில் வயிறாரச் சாப்பிட்டு வாருங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் புதன் இரவுக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள்.