மறைவுச் செய்தியில் விடுபட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முன்னாள் படைவீரரும் தோல் கைவினைஞருமான பெரியவர் ஒருவரின் மறைவுச் செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். அவருடைய படைப்பணியையும் பதக்கங்களையும் குறைவின்றிச் சொன்ன அச்செய்தி, அதன்பின் அவர் பட்டறையில் கழித்த நெடுங்காலத்தை, தோல் வேலையில் ஈடுபாடு காட்டினார் என்ற ஒற்றை வரியில் முடித்துக்கொண்டது. அவரிடம் ஆறு ஆண்டுகள் தொழில் பயின்றவன் என்ற முறையில், அந்த வரிக்குள் அடங்காத சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

போரில் இடக்கை நரம்பு பாதிக்கப்பட்டு, கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தொடக்கூட இயலாமல் மருத்துவமனையில் இருந்தபோது, விரல்களுக்குப் பயிற்சியாக அவரிடம் கொடுக்கப்பட்டவை ஒரு துண்டுத் தோலும் இரண்டு ஊசிகளும். இரண்டு உலகப் போர்களிலும் காயமுற்ற வீரர்களுக்குக் கூடை முடைதல், நெசவு ஆகியவற்றோடு தோல் வேலையும் சிகிச்சையாகக் கற்பிக்கப்பட்டது. அந்த வழக்கம் இவர் காலத்திலும் தொடர்ந்தது. கை தேறியதும் பலர் ஊசியை வைத்துவிட்டுப் போனார்கள். இவர் வைக்கவில்லை.

அவர் பட்டறையில் தையல் இயந்திரம் கிடையாது. இயந்திரத் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றையொன்று கொக்கி போல் பிடித்து நிற்பதால், ஓரிடத்தில் அறுந்தால் அக்கம்பக்கத்துத் தையலும் தளர்ந்துவிடும். கையால் போடும் சேணத் தையலிலோ ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, குத்தூசி இட்ட ஒவ்வொரு துளையிலும் இருபுறமிருந்தும் நூலைச் செலுத்துகிறோம். ஒரு பக்கம் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்கம் தாங்கும். தைக்கும் நீளத்தைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு நூல் எடுத்து, அதில் தேன்மெழுகைத் தேய்த்து முடிப்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும். போரைப் பற்றி நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. தோலின் வயிற்றுப் பகுதி ஏன் இழுபடுகிறது, முதுகுப் பகுதி ஏன் இழுபடுவதில்லை என்று கேட்டால் மட்டும் அரைமணி நேரம் பேசுவார்.

பைகளும் இடுப்பு வார்களும் செய்து பிழைத்தார் என்றாலும், அவர் மனம் ஊன்றிச் செய்தவை செயற்கைக் கால் பொருத்திய பழைய தோழர்களுக்கான வார்கள்தாம். குரோமில் பதனிட்ட மென்மையான தோல் இதற்கு இழுபட்டுவிடும் என்று ஒதுக்கிவிட்டு, மரப்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறிப் பதப்பட்ட தோலைத்தான் எடுப்பார். உடலில் படும் ஓரத்தைக் கத்தியால் சீவிச் சீவித் தாளளவுக்கு மெலிதாக்கி, ஈரப்படுத்தி, வழவழப்பான மரத்துண்டால் பளபளக்கும் வரை தேய்ப்பார். பிறகு வந்தவரை நடக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். வார் கிறீச்சிட்டால் எங்கோ உரசுகிறது என்று பொருள். உடனே கழற்றி வாங்கிவிடுவார். அதற்கு அவர் கூலி வாங்கி நான் பார்த்ததில்லை.

அவருடைய குத்தூசிகளையும், தேய்ந்து பாதியான அரைவட்டக் கத்தியையும், அட்டையில் வெட்டி ஆள்வாரியாக அளவு குறித்த வடிவங்களையும் பழைய பொருள்களோடு சேர்த்து விற்றுவிடாமல், தோல் தொழில் கற்பிக்கும் பயிற்சி நிலையம் ஏதேனும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே தங்கள் வாயிலாக நான் வைக்கும் வேண்டுகோள். குடும்பத்தினர் கொடுக்க இசைந்திருக்கிறார்கள்.

அவர் இறந்த அன்று, மரக் கவ்வியில் ஒரு வார் பாதித் தையலோடு நின்றது. இரு ஊசிகளும் நூலில் தொங்கிக்கொண்டிருந்தன. உரியவர் காத்திருக்கிறார் என்பதால் மீதியை நான் தைத்துக் கொடுத்தேன். நான் தொடங்கிய இடத்திலிருந்து தையலின் சாய்வு மாறியிருப்பது தெளிவாகவே தெரிகிறது. அவர் இருந்திருந்தால் பிரிக்கச் சொல்லியிருப்பார்.

இப்படிக்கு,
அவரிடம் தொழில் பயின்ற ஒருவர்